தும்பியில் ஏறிய பால் கத்தி

ஆஸ்பத்திரி அட்டெண்டண்டாக இருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். அதற்குச் சில நாள் முன்னால், அவசரப் பிரிவுக்குப் பின்புறம் கிடந்த புல்தரையில் சிமெண்டு பூசி, நடுவில் வெள்ளை வட்டம் வரைந்தார்கள். இனி ஹெலிகாப்டர் இங்கேயே இறங்குமாம். இளைய ஊழியர்களோடு நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காத்து எந்தப் பக்கம்னு காட்ட ஒரு துணிகூட கட்டலியே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். "அங்கிள், ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஹெலிகாப்டர்ல வேல செஞ்சிங்களா? சொல்லுங்க லா" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஐந்து பேர் நிற்கும் இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மடங்கிவிடும். எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இது எப்படி வருமோ தெரியாது. மலாக்காவில், குருபோங் தாமான் குடியிருப்பில் என் வீட்டுக்கு மேலே சுங்கை ஊடாங் பட்டாள முகாம் பக்கம் போகிற ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எழுத வருகிறது. சத்தம் போய்விட்டால் பேனாவும் நின்றுவிடுகிறது.

வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நாங்கள் அலோர் காஜாவுக்கு உள்ளே, மலையடிவாரத்தில் இருந்த பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பாலெடுப்பதை மரம் வெட்டுவது என்போம். காலையில் மரம் வெட்டப் போகும் பெண்களின் முந்தானையையும் வாளியையும் வாசலில் உதறிப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசிகூடக் காட்டுக்குள் போகக்கூடாது. அந்த நாளில் நான் பால் ஸ்டோரில் தராசுக்காரன். கல்யாணமாகாதவன்.

தோட்டத்துப் பந்துத் திடலில் பட்டாளத்தின் ஹெலிகாப்டர் இறங்க ஆரம்பித்தபோது, அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பேசாமல் வேலை செய்கிறவன் என்று, ஆபீசில் கணக்கு பார்க்கும் கிராணி என்னை அனுப்பிவிட்டார். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சிப்பாய் வந்து கையால் சைகை காட்டினான். நானும் கையாலேயே கற்றுக்கொண்டேன். வெள்ளைத் துணியைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து முளையடிப்பது, புகை போடுவது, காற்றுத் துணியை மூங்கிலில் ஏற்றுவது, காயப்போட்ட சேலை வேட்டியெல்லாம் கொடியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கத்துவது. கத்துவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சேலைகளை நானே எடுத்து மடித்து வைத்துவிடுவேன். அதற்காகப் பெண்கள் செய்த கேலி இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த வேலை பெட்ரோல் ஊற்றுவது. பீப்பாயிலிருந்து கையால் பம்பு அடித்து, மெல்லிய ஆட்டுத்தோல் விரித்த புனல் வழியாக விட வேண்டும். பெட்ரோல் தோலைக் கடந்து இறங்கிவிடும். தண்ணீர் கடக்காது, மேலேயே சிறு சிறு முத்தாக உருண்டு நிற்கும். அந்த முத்துகளில் வானமும் ரப்பர் மரங்களும் தலைகீழாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஹெலிகாப்டரை நாங்கள் தும்பி என்போம். ஓட்டி வந்தவரைத் தும்பித் தொரை என்போம். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான ஆள். வெயிலில் காது எப்போதும் தோலுரிந்திருக்கும். இறங்கியதும் பேசமாட்டார். ஒரே பக்கத்திலிருந்து தொடங்கித் தும்பியைச் சுற்றி வருவார். புது வெட்டு மரத்தைக் கங்காணி தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வருவார். சக்கரத்தில் புல் ஒட்டியிருந்தால் குனிந்து எடுத்துப் போடுவார். நான் கட்டிய காற்றுத் துணியைப் பார்ப்பார். பிறகும் விரலை நக்கிக் காற்றில் நீட்டிப் பார்ப்பார். ஆட்டுத்தோலில் நிற்கும் தண்ணீர் முத்துகளை என்னோடு குந்தி உட்கார்ந்து பார்த்த தொரை அவர் ஒருவர்தான். கோபம் வந்தால் கத்தமாட்டார். கையிலிருக்கும் வரைபடத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதைப் பார்த்தால் சிப்பாய்கள் எல்லோரும் நேராக நிற்பார்கள்.

எங்களுக்குள் பேச்சு, சந்தை மலாயில் பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான்.

அந்தத் தும்பி சிறியது. வெயில் ஏறிவிட்டால் பாரம் தூக்காது. ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு என் பால் தராசைத்தான் திடலுக்கு இழுத்து வந்தேன். காலில் குண்டடிபட்ட சிப்பாயை நிறுத்தேன். காய்ச்சலில் முனகியவனை நிறுத்தேன். கித்தானில் சுற்றி வந்ததையும் நிறுத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

எங்கள் ஆட்களில் முதலில் ஏறியவள் மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி. பிள்ளை பெற்று, இரத்தம் நிற்கவில்லை. தராசில், ஆளைத் தூக்கிவந்த துணித் தூளியோடு வைத்தபோது, "பால நிறுத்த தராசுல ஆள நிறுக்கிறான் பாரு. எனக்கெல்லாம் கழிவு ஒட்டுப்பால் வெலதான் போடுவான்" என்றார் மாரியாயி அத்தை. இவர் தோட்டத்து மருத்துவச்சி. லயத்தில் பாதிப் பேர் இவர் கையில் விழுந்தவர்கள், நானும்தான். அதனால் யாரையும் எதுவும் சொல்வார்.

தும்பி அந்தப் பெண்ணோடு கிளம்பியது. மழைமூட்டம். தொரை மலாக்கா டவுனுக்கு நேராகப் பிடித்துப் போயிருக்கிறார். மூட்டம் விலகியபோது காலடியில் டவுன் இல்லை, கடல். தங்கா பத்து என்ற ஊரின் கரைக்கு வெளியே, மீன்பிடிப் பந்தல்களுக்கு மேலே நின்றிருந்திருக்கிறார். கரையைப் பார்த்துக்கொண்டே தெற்கே திரும்பி டவுனுக்குப் போய்ச் சேர்ந்து, பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கியும் விட்டார். பெட்ரோல் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது அவள் தலையணைக்கடியில் கிடைத்தது ஒரு பாக்குவெட்டி.

பிள்ளை பெறுகிறவள் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும்; இருந்தால் காத்து கருப்பு அண்டாது. முப்பது நாள் கழிகிறவரை அந்த இரும்பு அவளை விட்டுப் போகக்கூடாது. இது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. ஆனால் தும்பியில் படுத்திருப்பவளின் தலைமாடு ஓட்டுகிறவரின் முதுகை ஒட்டி வரும். திசை காட்டும் ஊசி அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஊசி வடக்கை விட்டுவிட்டுப் பாக்குவெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

தொரை அன்றைக்கே திரும்பி வந்தார். தும்பியை விட்டு இறங்கும்போதே பாக்குவெட்டியை எங்களுக்குக் காட்ட உயரப் பிடித்திருந்தார். திடலில் நின்ற சனம் அதைப் பார்த்தது. இரும்பு மட்டும் திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? மாரியாயி அத்தை முதல் ஒப்பாரியை எடுத்தார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். தொரை பாக்குவெட்டியோடு திகைத்து நின்றார். அவர் வரைபடத்தைக்கூட மடிக்கவில்லை. "இருக்கா! அவ உசுரோட இருக்கா!" என்று, தொரையிடம் கேட்டுவிட்டு நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் கிராணி, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டு மணியை அடித்துத்தான் அடக்கினார்.

பிறகு தொரை கையடக்கமான ஒரு திசைக்கருவியைப் புல்லில் வைத்து, பாக்குவெட்டியை அதைச் சுற்றிக் கொண்டுபோனார். ஊசி அது போகும் பக்கமெல்லாம் திரும்பியது. இரும்பு கிட்டே இருந்தால் தும்பிக்கு வழி தெரியாது என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன்.

மாரியாயி அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பாத்திங்களாடி? தொரையோட ஊசியே இதக் கண்டு இப்படி நடுங்குதே, காத்து கருப்பு நடுங்காதா? நான் சொன்னா யாரு கேக்குறா!"

இதை மலாயில் எப்படிச் சொல்வது? ஏதோ சொன்னேன். தொரை புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒரு முறை வந்தது. எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து, "பெசி அடா?" என்று கேட்பார். இரும்பு இருக்கிறதா என்று. நான் தூளியின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு, "தாடா, துவான்" என்பேன். இல்லை, ஐயா. அதன் பிறகுதான் தும்பி எழும். வாசலில் அரிசியைத் தேடினார்கள். திடலில் நான் இரும்பைத் தேடினேன். சிப்பாய், தோட்டத்து ஆள் என்ற வித்தியாசம் இல்லை. ஒரு தடவைகூட அவர் கேட்காமல் எழும்பியதில்லை.

இனி அஞ்சலை அக்காவைப் பற்றி.

மழை விடாமல் பெய்து ஆற்றுப் பலகைப் பாலம் போய்விட்டிருந்த சமயம். அஞ்சலை அக்கா மரம் வெட்டுகிறவர். அவர் புருஷன் முனியாண்டி அண்ணனும் அதே வேலை. அக்காவுக்கு முந்தின நாளே வலி கண்டு, மறுநாள் காலைப் பெரட்டு முடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மாரியாயி அத்தை வெளியே வந்து, "புள்ள குறுக்க கெடக்கு. இது என் கைக்கு அடங்குறது இல்ல. டவுனுக்குக் கொண்டுபோனா ரெண்டும் பொழைக்கும். இங்க கெடந்தா ரெண்டும் இல்ல" என்றார். அவர் கேலி இல்லாமல் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

கிராணி போன் போட்டார். வேறு வேலையாக வந்துகொண்டிருந்த தும்பி எங்கள் திடலுக்குத் திரும்பியது. மலைப்பக்கம் வெள்ளையாக மூட்டம் தேங்கி நின்றது. தொரை அதை ஒரு தடவை பார்த்தார். விரலை நக்கி நீட்டினார். சீக்கிரம் என்று தலையசைத்தார்.

தூளியைத் தடவினேன். தலைமாட்டில், சேலைக்குள் சுருட்டி வைத்து, அண்ணன் மரம் வெட்டும் பால் கத்தி இருந்தது. என் கை அதன் மேல் பட்டதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காத தம்பி. எங்கம்மா இரும்பு இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போயித்தான் செத்தா. இத எடுத்தா நான் ஏறமாட்டேன். என்ன எறக்கி விட்டுரு."

"பெசி அடா?" என்றார் தொரை.

"அடா, துவான்" என்றேன். எடுத்துப்போடு என்று கைகாட்டினார். நான் அக்காவைக் காட்டினேன். அம்மா, ஆஸ்பத்திரி, செத்ததற்கு 'மாத்தி' என்று எனக்குத் தெரிந்த மலாயைக் கோத்து ஏதோ சொன்னேன். அவர் கை வரைபடத்துக்குப் போனது.

மாரியாயி அத்தை குறுக்கே வந்து நின்றார். தொரையின் இடுப்பைக் காட்டினார். "கத்திய எடுக்கணுமாம்ல? அப்ப தொர இடுப்புல தொங்குறது என்னா, வாழக்காயா?"

மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் விரல் துப்பாக்கியை நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. தொரை குனிந்து தம் இடுப்பைப் பார்த்தார். பிறகு வாரைக் கழற்றி, துப்பாக்கியோடு தோட்டக் காவல் சார்ஜண்டிடம் கொடுத்தார். சார்ஜண்டு வாங்கவே பயந்தார். தும்பி காட்டில் விழுந்தால் துப்பாக்கி இல்லாமல் என்ன ஆவார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கழற்றிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்து நின்றார். உன் முறை என்பதுபோல.

அக்கா வலி ஒன்று போய் அடங்குகிறவரை கண்ணை மூடியிருந்தார். பிறகு சொன்னார்: "கால்மாட்டுல வையி, தம்பி. எங்க இருந்தாலும் அது என்னத் தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

தொரை உள்ளே ஏறி ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கத்தியைத் தலைமாட்டிலிருந்து மெல்ல மெல்ல இடுப்புக்கு, முழங்காலுக்கு, பாதத்துக்கு நகர்த்தினேன். "பெலான், பெலான்" என்றார், மெதுவாக என்று. பாதத்துக்கு வந்ததும் கையை உயர்த்தினார். ஊசி நின்றுவிட்டது. ஆனால் பறக்கும்போது கத்தி வழுக்கி முன்னால் வந்துவிடக்கூடாது. அந்த இடத்திலேயே ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

முனியாண்டி அண்ணன் ஓடிவந்து தராசில் ஏறி நின்றார். அவர் ஆள் உயரமும் பருமனும். பாரம் தாங்காது என்று தொரை தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தராசில் ஏறினேன். இத்தனை பேரை நிறுத்தவன் அன்றுதான் நானே ஏறினேன். பாரம் குறைய, தொரை தம் சாமான் பையையும் கருவிப் பெட்டியையும் தூக்கிப் புல்லில் போட்டார்.

அண்ணன் என் தோளைப் பிடித்தார். "விட்டுறாதடா ராமையா" என்றார். கத்தியைச் சொன்னாரா அக்காவைச் சொன்னாரா, தெரியாது.

தரை விலகியதை நான் பார்க்கவில்லை, வயிறு சொன்னது. பார்த்தபோது திடலில் நான் விரித்த வெள்ளைத் துணி கைக்குட்டையாகி இருந்தது. நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்த மரங்கள் கீரைப் பாத்திபோலக் கீழே போயின. நேர் நேராக நட்ட வரிசைகள், தும்பி நகர நகர, விசிறிபோல விரிந்து மடங்கின. பிறகு அதுவும் போய்விட்டது. எல்லாப் பக்கமும் வெள்ளை. மேலே கீழே இல்லை. எஞ்சின் சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சத்தமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. பால் பதமாகி உறைகிற தொட்டிக்குள் நாங்கள் மூன்று பேரும் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. தொரையின் உதடு அசைந்தது. பாடுகிறாரா என்று தெரியவில்லை. அவர் கண் ஊசியிலேயே இருந்தது.

கத்தியின் தட்டையான பக்கத்தில் அக்காவின் கால் விரல்கள் தொட்டுக்கொண்டிருந்தன. வலி வரும்போது பாதம் உந்தும். நான் எதிராகப் பிடிப்பேன். ஒரு தடவை வலி அவரைத் தூளியோடு வளைத்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையை உயர்த்தித் தம் தலைமாட்டைத் தொட்டுக் காட்டினார். கத்தியை அங்கே கொண்டு வா என்று. மறுபடியும் காட்டினார். வாய் அசைந்தது. 'பயமா இருக்கு.' சத்தத்தில் கேட்கவில்லை, பார்த்தேன்.

கொண்டுபோனால் ஊசி திரும்பிவிடும். வெள்ளைக்குள் நாங்கள் எங்கேயோ போய்விடுவோம். கொண்டுபோகாவிட்டால் இவர் பயத்திலேயே போய்விடுவாரோ என்று இருந்தது. முடியாது என்று தலையை ஆட்டினேன். சொல்வதற்கு வார்த்தை இருந்தாலும் கேட்காது. என் வாழ்க்கையில் எந்தப் பெண்ணின் காலையும் நான் தொட்டதில்லை. இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்து, கத்தியின் தட்டைப் பக்கத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். குளிர்ந்திருந்த இரும்பு இரண்டு பேர் சூட்டிலும் மெல்லச் சூடானது. அவர் கை தலைமாட்டிலிருந்து இறங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. தொரை ஒரு தடவை திரும்பி என் கைகளைப் பார்த்தார். பிறகு திரும்பவே இல்லை.

வெள்ளை கிழிந்தது. கடல் எதிரே இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது: ஆற்றுவாய், படகுகள், சிவப்புக் கட்டடங்கள், குன்றின் மேல் கூரையில்லாத தேவாலயம். கடலோரத் திடலில் வெள்ளை வேன் காத்து நின்றது.

வேனில் நானும் ஏறினேன். கையை எடுக்க அக்கா விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸம்மா, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, வழிமறித்தார். "கத்தியா? இது என்ன கசாப்புக் கடையா? வெளிய கொண்டுபோங்க." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சற்று இறங்கி, "படுக்கப் போற கட்டில் முழுக்க இரும்புதான் அம்மா. அதவிடவா இந்தக் கத்தி?" என்றார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அது ஒங்க இரும்பு, மிஸ்ஸி. இது எங்க இரும்பு."

மிஸ்ஸி கத்தியை என்னிடமிருந்து வாங்கி, வெள்ளைக் கட்டுத்துணியால் இறுகச் சுற்றி, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் கட்டினார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

தாழ்வாரத்தில் நின்றேன். பெரிய அட்டெண்டண்டு உட்காரச் சொன்னார்; நான் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தேன். பின்னாளில் அந்த மனிதர்தான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தார்; "அசையாம நிக்கத் தெரிஞ்ச ஆளு" என்று சொல்லித்தான் சேர்த்தாராம். வெயில் சன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையில் நகர்ந்து, என் காலுக்கு வந்தபோது மிஸ்ஸி வெளியே வந்தார். பெண் குழந்தை. அறுத்துத்தான் எடுத்தார்கள். தாய்க்கு நினைவு வந்துவிட்டது. முதலில் கேட்டது கத்தி இருக்கிறதா என்றுதானாம். "முப்பது கழியிற வரைக்கும் அவுக்கக்கூடாதாமே? நல்லா வேல வெச்சிங்க எனக்கு" என்றார்.

தொரை திடலில் தும்பியைச் சுற்றித் தொட்டுத் தொட்டு வந்துகொண்டிருந்தார். என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். எஞ்சினை முடுக்கும் முன்னால் வழக்கம்போலத் திரும்பினார். குரல் மட்டும் வழக்கம்போல இல்லை.

"பெசி அடா?"

"தாடா, துவான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாக்குவெட்டி திரும்பி வந்த அன்று திடலில் எழுந்த ஒப்பாரியை அவரும் கேட்டவர்தானே. தோலுரிந்த காதுவரை சிவந்து சிரித்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூட்டம் கலைந்து மாலை வெயிலாக இருந்தது. எங்கள் திடலுக்கு மேலே வந்தபோது மொத்தத் தோட்டமும் வேலியோரம் நின்றது. ஒருவரும் அசையவில்லை. முனியாண்டி அண்ணன் முன்னால் நின்றார், காலையில் நின்ற இடத்திலேயே. எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது என் முகத்தை இல்லை.

இந்தச் சத்தத்தில் குரல் கொடுத்துப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். கதவில்லாத பக்கத்தில் சாய்ந்து, இரண்டு கையையும் வெளியே நீட்டி, விரல்களை அகல விரித்துக் காட்டினேன்.

மாரியாயி அத்தை முந்தானையை உதறிக்கொண்டு குதித்ததும், அண்ணன் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்ததும் மேலிருந்தே தெரிந்தது. அத்தை என்ன கத்தினார் என்பது இறங்கி எஞ்சின் அடங்கிய பிறகுதான் கேட்டது. அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தார்:

"வெறுங்கையோட வந்துட்டான்டி! எங்க தராசுக்காரன் வெறுங்கையோட வந்துட்டான்!"